பச்சைப் புள்ளி வருகைப் பதிவேடு ஆகாது

அலுவலக சாட் மென்பொருளான டீம்ஸில் ஒருவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் புள்ளிக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். சற்று முன்பு அவருடைய கணினியின் கீபோர்டையோ மவுஸையோ ஏதோ ஒன்று அசைத்திருக்கிறது, அவ்வளவுதான். அசைத்தது அவர் விரலா, மடியில் ஏறிய பிள்ளையின் விரலா, மேசைமேல் நடந்துபோன பூனையா என்று அதற்குத் தெரியாது. ஐந்து நிமிடம் எதுவும் அசையாவிட்டால் புள்ளி மஞ்சளாகி ‘அவே’ என்று காட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் மனிதர் கண்ணயர்ந்தாரா, மூன்று நாளாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு சிக்கலுக்கு விடை கண்டாரா என்பதும் அதற்குத் தெரியாது.

இவ்வளவு குறைவாகத் தெரிந்த ஒரு சாட்சியை வைத்துக்கொண்டுதான் சோழிங்கநல்லூரிலும் கோவையிலும் பெங்களூரிலும் ஊழியர்களிடம் விளக்கம் கேட்கிறார்கள். "பதினோரு மணியிலேர்ந்து பதினொன்றரை வரைக்கும் அவேல இருந்தீங்களே, எங்க போனீங்க?" இந்தக் கேள்வியை எந்த மேலாளரும் கேட்கக் கூடாது என்பது என் கட்சி. கேட்பது மரியாதையா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கேள்விக்கு ஆதாரமாகக் காட்டப்படும் பொருள் அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை.

எனக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். அலுவலகங்களுக்குள் ஓடும் சாட் சர்வர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. 2000-களின் நடுவில் கிண்டியில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே எல்லோரும் யாகூ மெசஞ்சரில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளி ஆட்களோடும் பேசுகிறார்கள் என்று நிர்வாகம் அதைத் தடுத்துவிட்டு, ஓப்பன்ஃபயர் என்ற இலவச சர்வரை நிறுவச் சொன்னது. பிறகு வேறு நிறுவனம், அங்கே மைக்ரோசாஃப்டின் லிங்க். லிங்க் பெயர் மாறி ஸ்கைப் ஃபார் பிசினஸ் ஆனது. அதன் இணையவழிச் சேவை 2021 ஜூலை 31-ல் மூடப்பட்டு எல்லோரும் டீம்ஸுக்குக் குடிபெயர்ந்தோம். இத்தனை மாற்றத்திலும் பச்சை பச்சையாகவும் மஞ்சள் மஞ்சளாகவுமே இருந்தன. பார்க்கிறவர்களின் நோக்கம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வேறாகிவிட்டது.

ஒருவர் கணினியைத் தொட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று மற்றவர்களுக்குக் காட்டுவது புதிய ஏற்பாடு இல்லை. 1971-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னெஸ்ட் என்பவர் ஃபிங்கர் என்ற சிறு நிரலை எழுதினார். ஒருவர் பெயரைக் கொடுத்தால் அவர் கணினிக்குள் நுழைந்திருக்கிறாரா, அவருடைய முனையம் எவ்வளவு நேரமாகச் சும்மா கிடக்கிறது என்று அது சொல்லும். தேடுகிற ஆள் பக்கத்தில் இருக்கிறாரா, போய்ப் பேசலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. கூடவே ‘பிளான்’ என்று ஒரு கோப்பும் உண்டு. ஊருக்குப் போகிறேன், திங்கட்கிழமை வருவேன், இரவில்தான் வேலை செய்வேன் என்று அவரவர் அதில் எழுதி வைக்கலாம். இயந்திரம் கணக்கிட்ட ஒரு எண்ணும் மனிதர் தன் கையால் எழுதிய ஒரு வரியும் அடுத்தடுத்து நின்றன. (1988 நவம்பரில் இணையத்தைத் திணறடித்த மோரிஸ் புழு, இந்த ஃபிங்கர் சேவையில் இருந்த ஓட்டை வழியாகவும்தான் புகுந்தது. எட்டிப் பார்க்க வைத்த ஜன்னல் வழியாகத் திருடனும் வந்தான் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.)

நம் ஊரிலும் இதற்கு முன்னோடி உண்டு. பழைய அரசு அலுவலகங்களின் தாழ்வாரத்திலும் சில மருத்துவர்களின் வீட்டு வாசலிலும் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கும். பெயர், அதற்கு எதிரே ஒரு சின்னத் தகடு. தகட்டைத் தள்ளினால் ‘இன்’ மறைந்து ‘அவுட்’ தெரியும். அதைத் தள்ளுகிறவர் அந்த அதிகாரியேதான், அல்லது அவர் சொல்லி அவருடைய உதவியாளர். பார்க்க வந்தவர் வீணாகக் காத்திருக்க வேண்டாமே என்பதற்காக அந்தப் பலகை. வருகைப் பதிவேடு என்பது வேறு. அது கண்காணிப்பாளர் மேசையில் இருக்கும், அதில் கையெழுத்து வேண்டும், அதை வைத்துச் சம்பளம் பிடிக்கலாம். பலகையில் ‘அவுட்’ இருந்தது என்று எந்தக் குமாஸ்தாவுக்கும் மெமோ கொடுத்ததில்லை. அலுவலகம் இந்த இரண்டையும் எப்போதும் தனித்தனியாகவே வைத்திருந்தது. சாட் மென்பொருளில்தான் பலகையையே பதிவேடாகப் படிக்க ஆரம்பித்தோம்.

சாட் மென்பொருளில் நிலை காட்டுவதற்கு விதி வகுத்தவர்கள் இந்த ஆபத்தை உணராதவர்கள் இல்லை. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2000 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 2778 என்ற ஆவணத்தை வெளியிட்டது. ஒருவருடைய நிலையைப் பார்க்கிறவர்களை அது வகை பிரிக்கிறது. ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறவர், மாறினால் சொல் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பவர், விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பவர். மூன்றாவது வகையில் சிலரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஓப்பன்ஃபயர் பின்பற்றும் எக்ஸ்.எம்.பி.பி. என்ற நெறிமுறை 2004-ல் முறையான விதியாக வந்தது. அதில் அனுமதிதான் அடிப்படை. நான் உங்களை என் பட்டியலில் சேர்த்தால் உங்கள் திரையில் ஒரு கேள்வி எழும்: இன்னார் உங்கள் நிலையைப் பார்க்க விரும்புகிறார், சம்மதமா? நீங்கள் சரி என்று சொல்லும்வரை எனக்கு உங்கள் பெயர் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும்.

இந்த ஒரு கேள்வி அலுவலகத்தில் என்ன பாடு பட்டது என்பதை நேரில் பார்த்தேன். கணக்குப் பிரிவில் ஒரு பெண்மணி, வேலையில் கெட்டிக்காரர், யாருடைய அழைப்பையும் உடனே ஏற்க மாட்டார். அவருடைய மேலாளரின் கோரிக்கையும் அப்படியே கிடந்திருக்கிறது. மேலாளர் என் இடத்துக்கே வந்துவிட்டார். "ஏம்ப்பா, இந்தம்மா பேரு மட்டும் எப்பவும் கிரே கலர்லயே இருக்கு, சர்வர்ல ஏதாவது கோளாறா?" கோளாறு இல்லை சார், அவங்க இன்னும் ஓகே கொடுக்கலை என்றேன். அவருக்குப் புரிந்தது போலத் தலையாட்டிவிட்டுப் போனார். சில நாளில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: எல்லோருக்கும் எல்லோரும் தெரிய வேண்டும். ஓப்பன்ஃபயரின் நிர்வாகப் பக்கத்தில் குழுப் பட்டியலைப் பகிர்வதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் யாரிடமும் அனுமதி கேட்காமல் எல்லோர் பட்டியலிலும் எல்லோரும் வந்து விழுவார்கள். இயக்கினோம். அனுமதிக் கேள்வி அன்றோடு ஒழிந்தது.

லிங்கில் அனுமதிக்குப் பதிலாகத் தரவரிசை இருந்தது. நண்பர்கள்-குடும்பத்தார், பணிக்குழு, சக ஊழியர்கள், வெளியார், தடுக்கப்பட்டவர்கள் என்று தட்டுத் தட்டாகப் பிரித்து, ஒவ்வொரு தட்டுக்கும் எவ்வளவு தெரியலாம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தொட்டுப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்பது உண்மை. ஆனாலும் இருந்தது. டீம்ஸுக்கு வந்தபோது அந்தத் தட்டுகளும் போயின. சாதாரணமாக ஒரே நிறுவனத்தில் யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் தட்டிப் புள்ளியைப் பார்க்கலாம். பார்க்கப்படுகிறவருக்கு அது தெரியாது.

சரி, அந்தப் புள்ளி எப்படிக் கணக்கிடப்படுகிறது? விண்டோஸ் தன் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் கடைசியாக எப்போது அசைவு வந்தது என்ற நேரத்தை வைத்திருக்கும். சாட் மென்பொருள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. லேப்டாப்பைப் பூட்டினாலோ அது உறக்கத்துக்குப் போனாலோ மஞ்சள். அவுட்லுக் நாட்காட்டியில் கூட்டம் என்று குறித்திருந்தால் சிவப்பு, நீங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகாவிட்டாலும். டீம்ஸிலேயே பேசிக்கொண்டிருந்தால் சிவப்பு. திரையைப் பகிர்ந்து விளக்கிக்கொண்டிருந்தால் தொந்தரவு செய்யாதே என்ற கோடு போட்ட சிவப்பு. போனில் டீம்ஸைத் திறந்து வைத்திருந்தால் பச்சை, வேறு செயலிக்குத் தாவினால் மஞ்சள். லிங்க் காலத்தில் ஐந்து நிமிடத்தில் ‘இனாக்டிவ்’, மேலும் ஐந்து நிமிடம் போனால்தான் ‘அவே’. அந்த நிமிடங்களை ஊழியரே மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. ஸ்லாக் என்ற இன்னொரு சாட் மென்பொருளில் கணக்கு பத்து நிமிடம். ஆக, ஒரே மனிதர் ஒரே வேலையை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்தாலும், ஒரு மென்பொருளில் இருக்கிறார், இன்னொன்றில் இல்லை.

இந்தக் கணக்கில் தோற்பவர்கள் யார் என்று கவனித்திருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு டேட்டாபேஸ் நிபுணர் எந்தச் சிக்கலையும் முதலில் தாளில் பென்சிலால் வரைந்து பார்ப்பார். அட்டவணைகள், அவற்றுக்கு நடுவே அம்புக்குறிகள். முக்கால் மணி நேரம் கீபோர்டைத் தொட மாட்டார், தொட்டால் பத்து வரியில் வேலை முடிந்துவிடும். புள்ளியின் கணக்கில் அவர் அந்த முக்கால் மணி நேரம் ஆளே இல்லை. வாடிக்கையாளர் அனுப்பிய நீண்ட தேவைப் பட்டியலை அச்செடுத்துப் படிக்கிறவர் இல்லை. வாடிக்கையாளரோடு கைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர் இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மேசைக்குப் போய் அரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பவர் இல்லவே இல்லை. நாள் முழுக்கப் பச்சையாக இருப்பவர் யாரென்றால், வேலையே இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து பங்குச்சந்தைப் பக்கத்தை உருட்டிக்கொண்டிருப்பவர். யோசிக்கிற வேலைக்கும் உதவி செய்கிற வேலைக்கும் இந்தப் புள்ளி தண்டனை கொடுக்கிறது.

ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மேடம் எனக்கு போன் செய்தார். "சார், போன மாசம் யார் யார் எவ்ளோ நேரம் மஞ்சளா இருந்தாங்கன்னு ஒரு எக்ஸல் அனுப்பிடறீங்களா?" அப்படி ஒரு கணக்கு எங்குமே இல்லை மேடம் என்றேன். நம்பவில்லை. புள்ளி இப்போதைய நிலையை மட்டும்தான் சொல்லும், மாறினதும் பழையதை மறந்துவிடும், முந்தாநாள் மதியம் யார் என்ன நிறத்தில் இருந்தார்கள் என்ற பதிவு நிர்வாகியின் திரையில் கிடையாது என்று விளக்கினேன். அவர் சளைக்கவில்லை. "அப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதி வைக்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் போட முடியாதா சார்?" முடியும். மைக்ரோசாஃப்ட் மற்ற நிரல்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் கிராஃப் என்ற வழியில், உரிய அனுமதி பெற்ற ஒரு நிரல், நிறுவனத்தில் எல்லோருடைய நிலையையும் கேட்டுக் கேட்டுச் சேமிக்கலாம். கஷ்டமான வேலையும் இல்லை. சட்டப் பிரிவின் ஒப்புதலோடு ஒரு மடல் அனுப்புங்கள், செய்கிறேன் என்றேன். மடல் வரவில்லை.

ஆனால் ஆசை அடங்கவில்லை. வேறொரு குழுவின் தலைவர், தனக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த பயிற்சி ஊழியர் ஒருவரை உட்காரவைத்து, அரை மணிக்கொரு தடவை குழுப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லியிருந்தது பிறகு தெரிய வந்தது. பொறியியல் படித்துவிட்டு வந்த பையன், பாவம். மொத்தக் குழுவிலும் அவனுடைய புள்ளி ஒன்றுதான் காலையிலிருந்து மாலைவரை மாறாமல் பச்சையாக இருந்தது.

கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் மக்கள் என்ன செய்வார்கள்? புள்ளியைக் கவனித்துக்கொள்வார்கள். நோட்பேடைத் திறந்து ஸ்பேஸ் பாரின் மேல் ஒரு கனத்தை வைப்பார்கள். முள் ஓடும் கைக்கடிகாரத்தின் மேல் ஆப்டிகல் மவுஸை வைப்பார்கள், விநாடி முள் நகர நகர மவுஸும் ‘அசைந்து’கொண்டிருக்கும். டீம்ஸில் தன்னந்தனியாக ஒரு கூட்டத்தைத் தொடங்கி அதில் தானே உட்கார்ந்திருப்பார்கள். இதெல்லாம் தெரியாதவர்கள் மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டிருக்கும் மவுஸ் ஜிக்லரை வாங்குவார்கள், இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கைப்பற்றிய கணினி பூட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகத் தடயவியல் புலனாய்வாளர்கள் வைத்திருந்த கருவி அது. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு அசைவைப் போலியாக உருவாக்கி வேலை செய்வதுபோல் காட்டியதாகச் சொல்லி ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. அவர்கள் செய்தது ஏமாற்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அசைவை அளந்தால் அசைவுதான் கிடைக்கும் என்பதிலும் சந்தேகமில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்கு இது இன்னொரு விதமான சுமை. மதுரையில் மாமியார் வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு சோதனைப் பொறியாளர் சொன்னார்: "அண்ணா, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாகூட லேப்டாப்பைத் தூக்கிட்டுத்தான் போறேன். ரெண்டு துணி போடுவேன், டச்பேடை ஒரு தடவை தடவிட்டு மறுபடி போடுவேன்." அலுவலகத்தில் இருந்த நாளில் அதே பெண் தேநீருக்குக் கால் மணி நேரம் கேன்டீனுக்குப் போவார், யாரும் கேட்டதில்லை. அவர் குறித்த தேதியில் வேலையை முடித்துக்கொடுக்காத நாள் இல்லை என்று அவருடைய குழுத் தலைவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்புறம் எதற்கு அந்த மொட்டை மாடிப் பயணம்?

இரவானால் கதை தலைகீழ். நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. வேலை முடித்தவர் படுக்கப் போகுமுன் ஏதோ நினைவு வந்து போனில் டீம்ஸைத் திறக்கிறார். புள்ளி பச்சையாகிறது. உடனே ஆன்சைட்டிலிருந்து, அதாவது வாடிக்கையாளரின் ஊரில் இருக்கும் சக ஊழியரிடமிருந்து, "ஹாய்". வெறும் ஹாய். என்ன வேண்டும் என்று சொல்லாமல் வருகிற இந்த ஹாய்க்கு இந்தப் புள்ளியே மூலகாரணம் என்பது என் சந்தேகம். ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் விஷயத்தைத் தொடங்க வேண்டும் என்று அது பழக்கிவிட்டது. இதற்குப் பயந்து, இரவில் நிஜமாகவே உட்கார்ந்து வேலையை முடிக்க நினைப்பவர்கள் ‘அப்பியர் ஆஃப்லைன்’ போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். பகலில் இல்லாதபோது இருப்பதாகக் காட்டுகிறோம், இரவில் இருந்துகொண்டு இல்லை என்கிறோம். இரண்டு பொய்யையும் சொல்ல வைப்பது ஒரே புள்ளி.

புள்ளியையே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வாடிக்கையாளர் ஒருவரின் பணம் செலுத்தும் பக்கம் விழுந்துவிட்டது. டேட்டாபேஸ் பக்கத்தில்தான் கோளாறு, அதைத் தெரிந்தவர்கள் சிலரே. பட்டியலைப் பார்த்தேன், ஒருவர் மட்டும் பச்சை. பிங் பண்ணினேன். "மேட்ச் ஸ்கோர் பார்த்துட்டிருக்கேன் அண்ணா, சொல்லுங்க" என்று பதில் வந்தது. நள்ளிரவுக்குள் சரிசெய்தோம். அவர் அப்போது வேலை செய்யவில்லை, கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியிருந்ததும் அவர் வேலை செய்கிறாரா என்ற தகவல் இல்லை, கூப்பிட்டால் கேட்குமா என்பதுதான். புள்ளி அதைச் சரியாகச் சொன்னது. கால் சென்டர்களிலும் நிலை காட்டுவது நியாயமே. அங்கே ஊழியர் ‘ரெடி’ என்று வைத்தால்தான் அடுத்த அழைப்பு அவருக்குப் போகும், இடைவேளை என்று அழுத்தினால் போகாது. அழுத்துவது அவர் கை, எதற்காக என்பதும் சேரும் நாளிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது.

"பார்க்காவிட்டால் வேலை செய்கிறார்களா என்று எப்படித் தெரியும்?" என்று மேலாளர்கள் கேட்கிறார்கள். 2022 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கணக்கெடுப்பில், தாங்கள் நன்றாகவே வேலை செய்வதாக ஊழியர்களில் 87 சதவீதம் பேர் சொன்னார்கள். வீடும் அலுவலகமும் கலந்த முறை வந்தபின் ஊழியர்கள் வேலை செய்கிறார்கள் என்று நம்புவது கடினமாகிவிட்டதாகத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களில் 85 சதவீதம் பேர் சொன்னார்கள். சந்தேகம் உண்மையானதுதான், கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு மருந்து புள்ளியில் இல்லை. முடித்த டிக்கெட்டுகள் இருக்கின்றன, சரிபார்த்த நிரல் இருக்கிறது, வாடிக்கையாளரின் குரல் இருக்கிறது. அவற்றைப் படிக்க நேரமும் உழைப்பும் வேண்டும். புள்ளியைப் படிக்க ஒரு நொடி போதும். அதனால்தான் புள்ளி ஜெயிக்கிறது.

பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சி.என்.ஐ.எல். 2024 டிசம்பரில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. ஊழியர்களை இடைவிடாமல் படம்பிடித்தது ஒரு குற்றம். மூன்று முதல் பதினைந்து நிமிடம் வரை கீபோர்டோ மவுஸோ அசையாவிட்டால் அதைச் சும்மா இருந்த நேரமாகப் பதியும் மென்பொருளை வைத்திருந்தது இன்னொன்று. கூட்டத்திலோ தொலைபேசியிலோ இருப்பவர் கணினியைத் தொடாவிட்டாலும் அது வேலை நேரமாக இருக்கலாம் என்று ஆணையம் எடுத்துச் சொன்னது. நான் மனிதவள மேடத்திடம் சொல்ல முயன்றதும் ஏறக்குறைய இதுதான், எனக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

நம் நாட்டில் அப்படி ஒரு கதவைத் தட்ட வழி குறைவு. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ம் பிரிவு, வேலை தொடர்பான தேவைகளுக்காக ஊழியரின் தரவை அவர் சம்மதம் இல்லாமலேயே நிறுவனம் கையாள வழிவிடுகிறது. வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை கோரி 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. ஆகவே இப்போதைக்கு இது நிறுவனங்களின் நல்ல புத்தியைச் சார்ந்த விஷயம்.

எதிர்த்துக் கேட்டால் பலன் இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2020 இறுதியில் மைக்ரோசாஃப்ட் ‘புரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்ற வசதியில், எந்த ஊழியர் எத்தனை மடல் அனுப்பினார், சாட்டை எத்தனை நாள் பயன்படுத்தினார் என்பதையெல்லாம் பெயரோடு நிர்வாகத்துக்குக் காட்டியது. ஐரோப்பாவில் கண்டனம் கிளம்பியது. சில நாட்களில், டிசம்பர் 1 அன்று, பெயர்களை நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. 2025-ல் அதே நிறுவனம் அடுத்த வசதியை அறிவித்திருக்கிறது: ஊழியரின் கணினி அலுவலக வைஃபையில் சேர்ந்ததும் அவர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்பதை டீம்ஸே குறித்துக்கொள்ளும். தானாக இயங்காது, நிறுவனம் இயக்க வேண்டும், ஊழியரும் சம்மதிக்க வேண்டும் என்கிறார்கள். அலுவலகத்தில் சம்மதக் கேள்விக்கு என்ன கதி நேரும் என்பதை அந்தக் கணக்குப் பிரிவுப் பெண்மணியிடம் கேட்டால் சொல்வார்.

இந்த விஷயத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் கடைசியாக எப்போது வந்தீர்கள் என்பதை மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. பார்க்கிறவரும் பார்க்கப்பட வேண்டும் என்ற அந்த விதியை அலுவலக சாட்டிலும் கொண்டுவரலாம். பல இயக்குநர்களின் புள்ளி ஆண்டு முழுக்கச் சாம்பல் நிறத்திலேயே இருப்பதை சர்வர் அறையில் இருக்கும் நான் அறிவேன். எங்கே போனீர்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

மென்பொருள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனிதவளத் துறையினர் பணி விதிகளில் ஒரு வரி சேர்க்கலாம்: சாட்டில் தெரியும் நிலையை வருகைக்கோ மதிப்பீட்டுக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ பயன்படுத்த மாட்டோம். குழுத் தலைவர்கள் ஹாயை விட்டுவிட்டு, என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்று முழுதாக எழுதி அனுப்பலாம், அப்போது எதிரே என்ன நிறம் என்று பார்க்கவே வேண்டியிராது. ஊழியர்கள் ஜிக்லருக்குச் செலவழிக்கும் காசை மிச்சப்படுத்திவிட்டு, நிலைக்குக் கீழே செய்தி எழுதுவதற்கென்று இருக்கும் சிறு பெட்டியில் ஒரு வரி எழுதிவைக்கலாம்: ‘தாளில் வேலை செய்கிறேன், மூன்று மணிக்குப் பதில் தருகிறேன்.’

என்னைப்போல் சர்வர்களோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மஞ்சள் கணக்கு கேட்டு யாராவது வந்தால் வாய்வார்த்தைக்குச் செய்துகொடுக்காதீர்கள். எதற்காக, யார் பொறுப்பில், எவ்வளவு நாள் வைத்திருக்கப்போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், சட்டப் பிரிவின் ஒப்புதலைக் கேளுங்கள். நான் பார்த்தவரை அந்த மடல் பெரும்பாலும் வருவதில்லை.